என் குட்டி பாட்டில் ஜாக்கி

வண்டியில் இருக்கிற மீட்புச் சாமான்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், மிச்சத்தையெல்லாம் இறக்கு என்று யாராவது சொன்னால் நான் யோசிக்கவே மாட்டேன். வின்ச் போகட்டும், கூரை மேல் விளக்கு போகட்டும், இழுவைக் கயிறுகூடப் போகட்டும். சீட்டுக்குப் பின்னால் பழைய ஜமுக்காளத் துண்டில் சுற்றி வைத்திருக்கிற அந்தச் சிவப்பு பாட்டில் ஜாக்கியை மட்டும் விடமாட்டேன். ஒரு கையில் எடுத்துவிடலாம். எடை மூன்று கிலோ சொச்சம். ஒரு டன் ஜிப்சியின் பின்பக்கத்தை, இரண்டு விரலால் பம்ப் அடித்தே தூக்கிவிடும். இத்தனை சின்ன இரும்புக்குள் இத்தனை பலமா என்று ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஜிப்சி, தார், ஜிம்னி என்று ஃபோர்வீல் வண்டி வாங்குகிறவர்கள் முதல் மாதமே டயரை மாற்றுகிறார்கள், பம்பரை மாற்றுகிறார்கள். ஜாக்கி பற்றிய நினைப்பு கடைசியில்தான் வருகிறது. வந்ததும் எல்லோர் கண்ணும் அந்த உயரமான ஹைலிஃப்ட் ஜாக்கி மேல் போய் விழுகிறது. படங்களில் வண்டியின் பக்கவாட்டில் மாட்டியிருக்குமே, அது. அழகான சாமான்தான், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் மலைப்பாதைக்கும் ஆற்று மணலுக்கும் சேற்றுக்கும் நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல பாட்டில் ஜாக்கி, அதற்கு அடியில் போட ஒரு கனத்த பலகை. இந்தக் கட்சியில் நான் அசைக்க முடியாத தொண்டன்.

கம்பெனிக்காரர் கொடுக்கிற சிசர் ஜாக்கியை நான் குறை சொல்ல மாட்டேன். அது தார் ரோட்டுக்குச் செய்தது. சமதளம், கெட்டித் தரை, கதவுக்குக் கீழே அதற்கென்று விட்டிருக்கிற இடம் — இந்த மூன்றும் கிடைத்தால் தன் வேலையைச் செய்துவிடும். காட்டு வழியில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. அதன் அடித்தட்டு ரொம்பச் சின்னது. மண்ணில் ஒரு ஓரமாக இறங்கும். இறங்கினால் நடுவில் இருக்கிற திருகு வளையும். உயரப் போகப் போக நான்கு கைகளும் ஒடுங்கி, பக்கவாட்டு உதறலைத் தாங்க முடியாமல் ஆடும். பெரிய டயர் போட்டு வண்டியையும் கொஞ்சம் உயர்த்திவிட்டீர்களென்றால் அதற்கு எட்டவே எட்டாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாடியைத் தூக்குவது வேறு, ஆக்சிலைத் தூக்குவது வேறு. இது புரிந்துவிட்டால் ஜாக்கி தேர்வில் பாதி முடிந்தது.

காட்டு வழி வண்டியில் சஸ்பென்ஷன் நீளமாக இறங்கும். அதற்காகத்தான் அந்த வண்டியையே வாங்குகிறோம். சேஸிஸிலோ பம்பரிலோ ஜாக்கி போட்டுத் தூக்கினால் முதலில் என்ன நடக்கிறது? பாடி மேலே போகிறது, டயர் தரையிலேயே நிற்கிறது. ஸ்பிரிங் முழுக்க நீண்டு முடிந்த பிறகுதான் டயர் தரையை விடும். அதற்குள் வண்டி நன்றாகவே எழும்பியிருக்கும். எடை முழுக்க உயரத்தில், ஒரே ஒரு ஜாக்கியின் மேல், ஆடிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் ஒருவர் கதவைச் சாத்தினால்கூட எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அதே ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் போடுங்கள். ஸ்பிரிங் மேல் வண்டியின் பாரம் அப்படியே அமர்ந்திருக்கும். ஆக்சில் எழும்பியதும் டயரும் கூடவே எழும்பும். பாடி அதிகம் உயராது, சாயாது, குலுங்காது. பஞ்சரான டயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி தெரிகிறபோது வண்டி எந்தப் பதற்றமும் இல்லாமல் நிற்பதைப் பாருங்கள், அப்புறம் வேறு எந்த ஜாக்கியையும் தொட மனசு வராது.

இதற்கு ஏற்ற வண்டிகள் நம் ஊரில் ஏராளம். 1985-ல் வந்த மாருதி ஜிப்சிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில், பட்டை ஸ்பிரிங். 2023-ல் வந்த ஜிம்னிக்கும் இரண்டு பக்கமும் அப்படித்தான், ஸ்பிரிங் மட்டும் சுருள். 2020-ல் வந்த புதிய தாரில் பின்னால் ஒரே தண்டு, முன்னால் இரண்டு சக்கரமும் தனித்தனி. தனித்தனியாக இருக்கிற முன்பக்கத்தில் ஜாக்கியைக் கீழ்க்கையின் வெளி ஓரத்தில், சக்கரத்துக்கு நெருக்கமாகப் போடுவது வழக்கம். எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்று கையேட்டில் படம் இருக்கும், அதை ஒரு தரம் பார்த்துவிடுங்கள். ஆக்சிலில் போடும்போதும் குழாய்ப் பகுதியில்தான் போட வேண்டும், ஸ்பிரிங் கட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டையில் போட்டால் வண்டி இரண்டு பக்கமும் ஊசலாடும். சில வண்டிகளில் அதன் மூடி மெல்லிய தகடு, நசுங்கிவிடும். பிரேக் எண்ணெய் ஓடுகிற சின்னக் குழாய் ஆக்சிலை ஒட்டியே போகும், அது ஜாக்கித் தலைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மாட்டாமல் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அளவு. டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு பின் டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, தரையிலிருந்து ஆக்சில் குழாயின் அடிப்பாகம் வரை அளந்து பாருங்கள். பஞ்சர் ஆகாத வண்டியில் அளந்து ஜாக்கி வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஜாக்கி தேவைப்படுவதோ பஞ்சரான வண்டிக்கு! என் ஜிப்சிக்கு 15 அங்குல ரிம். காற்று இருக்கும்போது குழாயின் அடிப்பாகம் தரையிலிருந்து 28 சென்டிமீட்டர். காற்று போனால் 19. சாதாரண 2 டன் பாட்டில் ஜாக்கி மூடியிருக்கும்போதே சுமார் 18 சென்டிமீட்டர் உயரம். அடியில் இரண்டரை சென்டிமீட்டர் பலகையும் போட்டால் இருபதைத் தாண்டிவிடும், உள்ளேயே நுழையாது. இது கடையில் யாரும் சொல்லித்தராத கணக்கு.

மேல் அளவும் முக்கியம். கழற்றுவது தட்டையான டயர், மாட்டப் போவது காற்று நிறைந்த ஸ்டெப்னி. பஞ்சர் டயர் தரையை விட்டால் போதாது. ஸ்டெப்னி நுழைய இன்னும் நிறைய எழ வேண்டும். என் வண்டியில் ஆக்சில் குழாய் 31 சென்டிமீட்டருக்கு வந்தால்தான் ஸ்டெப்னி தாராளமாக உட்காரும். ஜாக்கியோ பாரம் ஏற ஏற மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமுங்கும், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, கீழே குட்டையாகத் தொடங்க வேண்டும், மேலே நன்றாக எழவும் வேண்டும். இந்த இரண்டு ஆசையும் ஒரே ஜாக்கியில் நிறைவேறுவது இரட்டைத் தண்டு மாடலில். முதல் தண்டு முழுக்க வெளியே வந்ததும் அதற்குள்ளிருந்து இரண்டாவது தண்டு எழும்பும். என்னுடையது மூடினால் 16 சென்டிமீட்டர். முழுக்க எழுந்தால் 36-க்கு மேல். பலகையோடு சேர்த்துப் பதினெட்டரை. பஞ்சரான ஜிப்சியின் ஆக்சிலுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் இடம் விட்டு நுழைகிறது. முதல்முறை அதை உள்ளே தள்ளி, அளவு சரியாக இருப்பதைப் பார்த்தபோது நான் வாசலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பைப் பக்கத்து வீட்டு அக்கா வந்து விசாரித்தார்.

தலையில் ஒரு திருகு இருக்கும் பாருங்கள், அதையும் மறக்க வேண்டாம். பம்ப் அடிக்கும் முன்னரே கையால் திருகி ஆக்சிலைத் தொடும் அளவுக்கு உயர்த்திக்கொண்டால், தண்டின் முழு எழுச்சியும் வண்டியைத் தூக்குவதற்கே மிச்சமாகும். இருந்தாலும் நான் திருகைப் பாதிக்கு மேல் வெளியே எடுப்பதில்லை. மெல்லிய திருகில் நிற்பதைவிடத் தடித்த தண்டில் நிற்பது நல்லது.

எத்தனை டன் வாங்குவது? பலரும் பத்து டன், இருபது டன் என்று லாரி ஜாக்கி வாங்கிவிடுகிறார்கள். பெரிய டன் என்றால் பெரிய உடம்பு. எடையும் கூடும், மூடிய உயரமும் கூடும். காற்று போன டயருக்குக் கீழே நுழையாத இருபது டன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாமான், ஆட்கள், தண்ணீர் எல்லாம் ஏற்றிய முழு வண்டியின் எடை எவ்வளவோ, அவ்வளவு தாங்கும் ஜாக்கி போதும். தூக்கப் போவது ஒரு மூலையைத்தான் என்பதால் அதுவே பல மடங்கு தாராளம். ஜிப்சி வெறும் வண்டியாக ஒரு டன் அளவு, ஜிம்னி 1.2 டன் அளவு. இவற்றுக்கு 2 டன் ஜாக்கி சரி. ஃபார்ச்சூனர் போல இரண்டு டன்னுக்கு மேல் உள்ள வண்டிக்கு 3, 4 டன் பக்கம் போகலாம்.

இந்த ஜாக்கிக்குள் நடப்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம் அடங்கவில்லை. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் பாஸ்கல் சொன்னார். அதை வைத்து 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். எங்கும் தூக்கிக்கொண்டு போகிற ஹைட்ராலிக் ஜாக்கிக்கு 1851-ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் காப்புரிமை பெற்றார். அந்தப் பரம்பரை அப்படியே என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது!

உள்ளே ஒரு சின்ன பம்ப் தண்டு, ஒரு பெரிய தூக்குத் தண்டு, கொஞ்சம் எண்ணெய், திரும்பிப் போகவிடாமல் தடுக்கிற எஃகுக் குண்டுகள். அவ்வளவுதான். பெரிய தண்டின் பரப்பு சின்னதைப்போல் இருபது மடங்கு என்று வையுங்கள், பலம் இருபது மடங்கு ஆகிறது. கைப்பிடி நெம்புகோலில் இன்னொரு பதினைந்து மடங்கு. இருபதைப் பதினைந்தால் பெருக்கினால் முந்நூறு. ஜிப்சியின் பின் மூலையில் உள்ள முந்நூறு கிலோவுக்குக் கணக்குப்படி ஒரு கிலோ அழுத்தம் போதும். உராய்வைச் சேர்த்து இரண்டு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். என் அக்கா மகள், பள்ளிக்கூடத்துப் பெண், சிரித்துக்கொண்டே வண்டியைத் தூக்கினாள். ஒரு தடவை பம்ப் அடித்தால் சில மில்லிமீட்டர்தான் எழும். அந்த நிதானம்தான் இதன் பெரிய குணம். ஒவ்வோர் அடிக்கும் நிறுத்தலாம், குனிந்து பார்க்கலாம், ஜாக்கி சாய்கிறதா, பலகை அமுங்குகிறதா என்று கவனிக்கலாம். சரியில்லை என்றால் வால்வை ஒரு கால் திருப்பு திருப்பி, பஞ்சு மாதிரி இறக்கிவிட்டு மறுபடி வைக்கலாம்.

இனி பலகை. ஜாக்கிக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைப் பலகைக்குக் கொடுங்கள்.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. பாதை முழுக்க உருட்டுக்கல்லும் பள்ளமும். அங்கே ஜீப் ஓட்டுகிற ஒரு அண்ணன், பாதி வழியில் டயர் மாற்றிக்கொண்டிருந்தார். பாறை மேல்தான் வண்டி நின்றது. அப்படியும் ஜாக்கிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்திருந்தார்.

"பாறைதானே அண்ணே, கட்டை எதுக்கு?"

"பாறை மேல இரும்ப வச்சா வழுக்கும் தம்பி. மரம் கவ்விக்கும். மண்ணுன்னா அமுங்காம இருக்கக் கட்டை, பாறைன்னா வழுக்காம இருக்கக் கட்டை. ரெண்டுக்கும் கட்டை வேணும்."

எத்தனை அனுபவம் அந்த நாலு வார்த்தையில்! கெட்டியான பாறைக்கும் மரம் வேண்டும் என்பதை அதற்கு முன் எந்தப் புத்தகமும் எனக்கு இப்படி உறைக்கிற மாதிரிச் சொன்னதில்லை.

மண்ணில் பலகை செய்கிற வேலையைக் கணக்காகவே பார்க்கலாம். பாட்டில் ஜாக்கியின் அடி சுமார் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், அதாவது நூறு சதுர சென்டிமீட்டர். முந்நூறு கிலோ அதன் மேல் வந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோ. தளர்ந்த மணல் இதைத் தாங்காது. வண்டி எழுவதற்குப் பதிலாக ஜாக்கி மண்ணுக்குள் இறங்கும். முப்பதுக்கு முப்பது பலகை போட்டால் தொள்ளாயிரம் சதுர சென்டிமீட்டர், அழுத்தம் மூன்றில் ஒரு கிலோவாகிவிடுகிறது. வெறுங்காலுடன் மணலில் நிற்கிற ஆளின் அழுத்தத்தை விடக் கொஞ்சம்தான் கூடுதல். தனுஷ்கோடிக்கு 2017-ல் தார் ரோடு போடும்வரை வேன்களும் ஜீப்புகளும் கடலோர மணலிலேதான் ஓடின. அந்த மாதிரி மணலில் பலகை இல்லாத ஜாக்கி வெறும் பாரம்.

என் பலகை 25 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். மெல்லிய பலகை நடுவில் வளைந்து, பாரத்தை ஓரங்களுக்குக் கொண்டுபோகாது, கனம் அவசியம். ஜாக்கி நிற்கும் இடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் சின்னச் சட்டம் அடித்திருக்கிறேன், ஜாக்கி நகராது. ஒரு மூலையில் துளை போட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன். சேற்றில் புதைந்த பலகையைக் கையால் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கயிற்றின் அருமை தெரியும். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ மட்டும் ஜாக்கிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொடிந்து போகும்.

ஜாக்கியின் தலைக்கும் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டேன். ஆக்சில் உருண்டை, ஜாக்கித் தலை தட்டை. இரண்டும் ஒரு கோட்டில்தான் தொடும். வெல்டிங் பட்டறையில் குழாய்த் துண்டைப் பாதியாகப் பிளந்து, ஜாக்கித் தலை மேல் தொப்பி போல் அழுத்தமாக உட்காரும் ஒரு தாங்கி செய்து வாங்கினேன். ஜாக்கியின் தண்டில் நேரடியாக வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் உள்ளிருக்கும் சீல் போய்விடும். தனித் தொப்பிதான் வேண்டும். ஆக்சில் அதற்குள் வந்து உட்காரும்போது கேட்கிற அந்த 'டக்' சத்தம் எனக்கு அத்தனை பிடிக்கும்.

சரி, ஹைலிஃப்ட். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து புளூம்ஃபீல்டில் 1905 முதல் செய்துவருகிறார்கள். பண்ணைக்காரர்கள் வேலிக் கம்பங்களைப் பிடுங்கவும் வண்டி தூக்கவும் வைத்துக்கொண்ட கருவி. வரிசையாக ஓட்டை போட்ட ஒரு எஃகுப் பட்டை, அதில் மாறி மாறி ஏறுகிற இரண்டு ஊசிகள், ஒரு நீளக் கைப்பிடி. நூறு வருஷத்துக்கு மேல் அதன் அடிப்படை அப்படியே இருக்கிறது என்றால் எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள். 48 அங்குல ஜாக்கி பதின்மூன்று கிலோ அளவு வரும். வண்டியின் வயிறு மண்ணில் படிந்து, ஆக்சிலுக்குக் கீழே கைகூட நுழையாத நிலையில் பம்பரைப் பிடித்து ஒரு மீட்டர் வரை தூக்கும். சங்கிலி கட்டினால் கை வின்ச். வளைந்த டை ராடை நிமிர்த்தக்கூட அதைக் கொண்டு முயல்வார்கள். மதிப்புக்குரிய கருவி.

ஆனால் அது கேட்கிற விலை பெரிது. முதலில், பிடிக்க இடம் வேண்டும். இப்போதைய வண்டிகளின் பிளாஸ்டிக் பம்பரில் அதை வைக்கவே முடியாது. தட்டையான இரும்பு பம்பரோ சேஸிஸில் பொருத்திய ராக் ஸ்லைடரோ வேண்டும். உருண்டைக் குழாயில் வைத்தால் வழுக்கும். இரண்டாவது, அது பாடியைத்தான் தூக்கும்; முன்னால் சொன்ன ஆட்டமெல்லாம் வரும். லாரியில் பாரம் கட்டுகிற ராட்செட் பெல்ட்டால் ஆக்சிலைச் சேஸிஸோடு இழுத்துக் கட்டினால் ஸ்பிரிங் நீளாமல் தடுக்கலாம். சக்கரத்தின் ஆரங்களிலேயே கொக்கி மாட்டி, சக்கரத்தோடு தூக்குகிற துணைக்கருவியும் ஹைலிஃப்ட் கம்பெனியே விற்கிறது. மூன்றாவது, கைப்பிடி. பாரம் இருக்கும்போது பாதி வழியில் கை நழுவினால் கைப்பிடி அடிக்கிற அடியில் தாடை உடையும். தலையும் முகமும் கைப்பிடி போகிற பாதையில் எப்போதும் வரவே கூடாது. இறக்கும் முன் கைப்பிடியை நேராக நிமிர்த்திப் பட்டையோடு சேர்த்துவிட்டுத்தான் திசை மாற்றும் கொண்டியைத் தொட வேண்டும். ஊசிகளில் மண் ஏறினால் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. சுத்தம் செய்து எண்ணெய் விட வேண்டும். இத்தனையும் பழகி, இரும்பு பம்பரும் உள்ளவர் இரண்டாவது ஜாக்கியாக வாங்கட்டும், மகிழ்ச்சி. முதல் ஜாக்கி அது இல்லை.

ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி கம்பெனி அதே உயரமான வடிவத்தை ஹைட்ராலிக்காகவே செய்திருக்கிறது. 2 டன் தாங்கும், பத்தரை கிலோ எடை, அடிக்கிற கைப்பிடி கிடையாது. கையில் தொட்டுப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. விலை மட்டும் என்னை வெளியே அனுப்பிவிட்டது. காற்றுப்பை ஜாக்கி என்று ஒன்று, புகைக்குழாயில் குழாயை மாட்டினால் எஞ்சின் புகையே ஊதி வண்டியைத் தூக்கும். அகலமான அடி என்பதால் தூய மணலுக்கு நல்லது. முள்ளோ கூர்ங்கல்லோ சூடான சைலன்சரோ பட்டால் கிழியும். பந்துபோல் உருளவும் பார்க்கும். நம் ஊர் முள்காட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மணலில் சக்கரத்துக்குக் கீழே எதையாவது திணிக்க அது சரி. அதை நம்பிச் சக்கரத்தைக் கழற்ற மட்டும் கூடாது.

ஜாக்கியைவிட முக்கியமான ஒன்று, வண்டி உருளாமல் நிற்பது. ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டோம், கியரில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. கியரில் போட்டால் பூட்டப்படுவது புரொப்பெல்லர் ஷாஃப்ட்தான். ஒரு பின் சக்கரம் காற்றில் இருந்தால் டிஃபரன்ஷியல் அதை ஒரு பக்கம் சுற்றவிட்டு, தரையில் இருக்கிற சக்கரத்தை எதிர்ப்பக்கம் உருளவிடும். வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிப் போய்விடும்! மேற்கு வங்கத்து மானேபஞ்சன் – சந்தக்ஃபூ மலைப்பாதையில் பல பத்தாண்டுகளாக ஓடிய பழைய லேண்ட் ரோவர்களில் ஹேண்ட் பிரேக்கே புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில்தான் பிடிக்கும். அந்த வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதற்கு நம் ஃபோர்வீல் வண்டியிலேயே மருந்து இருக்கிறது. எஞ்சினை அணைக்கும் முன் டிரான்ஸ்ஃபர் கேஸை ஃபோர் லோவில் போடுங்கள், பிறகு முதல் கியர். ஜிப்சி, ஜிம்னி, தார் போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் ஒன்று காற்றில் சுற்றினாலும் முன் ஆக்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தும். முன் சக்கரத்தில் ஃப்ரீவீல் ஹப் உள்ள வண்டியென்றால் அதையும் லாக்கில் திருப்ப வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், தூக்குகிற சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் இருக்கிற சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை. கல் வைத்தால் உருளாத, பட்டையான கல்லாகப் பார்த்து வையுங்கள்.

சரிவில் டயர் போனால் அங்கேயே ஜாக்கி போடப் பார்க்காதீர்கள். பஞ்சர் டயரோடு மெதுவாக உருட்டிச் சமமான இடத்துக்கு வந்துவிடுங்கள். டயர் கிழிந்தால் கிழியட்டும், வாங்கிக்கொள்ளலாம். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைத் திருப்பு தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதிப்பது பார்க்கவே பொறுக்காது. உள்ளே இருக்கிற எல்லோரும், தூங்குகிற குழந்தை உட்பட, இறங்கி மேட்டுப் பக்கமாக நிற்கட்டும். கழற்றுகிற நேரத்தில் ஸ்டெப்னியைப் படுக்கையாகச் சேஸிஸுக்கு அடியில் தள்ளி வைப்பது என் வழக்கம். ஜாக்கி நழுவினாலும் வண்டி டயர் மேல்தான் உட்காரும். உடம்பின் எந்தப் பாகமும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது.

பஞ்சருக்கு மட்டும்தான் ஜாக்கி என்று நினைக்காதீர்கள். எனக்கு இது மிகப் பெரிய இன்பம் தந்தது சேற்றில். மழைக்காலத்து எஸ்டேட் பாதையில் பின் சக்கரங்கள் தடத்துக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமாகும். கையில் ஒரு குட்டி மண்வெட்டி. ஆக்சிலுக்குக் கீழே பலகைக்கு இடம் வெட்டி, ஜாக்கி வைத்து, சக்கரத்தைத் தடத்திலிருந்து மேலே எழுப்பினோம். கீழே கல்லும் காய்ந்த கிளையும் கையால் போடாமல் மண்வெட்டியாலேயே தள்ளி நிரப்பினோம். இறக்கினால் சக்கரம் கல் மேல் நின்றது. அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு ஃபோர் லோவில் இரண்டாம் கியர் போட்டு மெல்ல கிளட்சை விட்டதும் வண்டி எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் ஏறி வெளியே வந்தது. கயிறு கட்டி இழுக்க இன்னொரு வண்டி வேண்டியிருக்கவில்லை, வின்ச் கட்ட மரம் வேண்டியிருக்கவில்லை. கூட வந்த மாமா ஜாக்கியைத் துடைத்துக்கொண்டே, "இதுக்கு ஒரு மாலை வாங்கிப் போடலாம்டா மாப்ள" என்றார். நான் மனதார ஒத்துக்கொண்டேன்.

இத்தனை செய்கிற பொருள் நம்மிடம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். தண்டை முழுக்க இறக்கி, நிமிர்ந்த நிலையில், ஆடாமல் கட்டி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் நாளடைவில் எண்ணெய் கசியும். வெளியே வந்த தண்டில் மண் ஒட்டியிருந்தால் துடைக்காமல் இறக்கக் கூடாது, மண் சீலைக் கீறிவிடும். எண்ணெய் குறைந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், பிரேக் எண்ணெய் ஊற்றினால் சீல் ஊறி ஜாக்கியே வீணாகும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தரம் வண்டியைத் தூக்கிக் கால் மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். தானாக இறங்கினால் சீல் மாற்ற வேண்டிய நேரம். புதிதாக வாங்கும்போதும் கடைக்காரரிடம் சொல்லி அங்கேயே ஒரு வண்டிக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், நல்ல கடைக்காரர் சந்தோஷமாகவே செய்வார்.

உங்கள் வண்டியில் இப்போது என்ன ஜாக்கி இருக்கிறது? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் அதை வெளியே எடுத்துவையுங்கள். ஒரு பின் டயரின் காற்றை இறக்கிவிட்டு, பலகையோடு சேர்த்து அது ஆக்சிலுக்குக் கீழே நுழைகிறதா, ஸ்டெப்னி ஏறும் உயரத்துக்கு எழுகிறதா என்று பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் ஒரு முறை பம்ப் அடித்துப் பழகட்டும். நுழையவில்லை என்றால் திங்கட்கிழமையே போய் இரட்டைத் தண்டு பாட்டில் ஜாக்கி ஒன்று வாங்கிவிடுங்கள். கூடவே ஒரு துண்டு மரைன் பிளைவுட்.